வாசல் வரை போய்த் திரும்பியவருக்கு

கேள்வி: வயது 41. பதினான்கு வருடக் குடி. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து சிகிச்சை எடுத்து வீடு திரும்பினேன். கடைசியாகக் குடித்து இன்றோடு 45 நாள் ஆகிறது. தினமும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுக்கிறேன். டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர், "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்" என்று சொன்னதோடு சரி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் குழுவாம். இணையத்தில் கிடைத்த முகவரிக்குப் போனால் அங்கே கூட்டமே இல்லை. இன்னோர் இடத்தில் பேச்சு ஆரம்பமாகியிருந்தது. உள்ளே போக மனம் வராமல் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். மூன்றாவது இடத்தில் கடைசிவரை உட்கார்ந்தேன். பிரார்த்தனை சொன்னார்கள், எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வெளியே வந்ததும் ஒருவர், "மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுவிடுங்கள்" என்றார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வேறு. மனைவி தானும் வருகிறேன் என்கிறார். இதெல்லாம் எனக்குச் சரிப்படுமா?

பதில்: மாத்திரையைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். மற்ற கேள்விகள் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

டைசல்ஃபிரமை எழுதிக் கொடுத்தவர் சொல்லித்தான் அதை நிறுத்த வேண்டும். அது போதை தரும் மருந்தும் அல்ல, பழகிப்போய் ஆளைப் பிடித்துக்கொள்ளும் மருந்தும் அல்ல. ஆல்கஹால் உடலுக்குள் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. வழக்கமாக ஈரல் அதைச் சட்டென்று அகற்றிவிடும். டைசல்ஃபிரம் அந்த வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் மாத்திரை எடுப்பவர் குடித்தால் சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கிறார். சிலருக்கு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கடைசி மாத்திரை எடுத்து 14 நாள் வரைகூட இந்த எதிர்வினை வரலாம். இன்று மாத்திரையை விட்டுவிட்டு நான்காம் நாள் சபலப்படுகிறவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரலாம். உங்களிடம் பேசியவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்காது. உறுப்பினர் எவரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வே தனது துண்டுப் பிரசுரத்தில் சொல்கிறது. அடுத்த முறை யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், "அது என் டாக்டர் பார்த்துக்கொள்கிற விஷயம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். வாதாட வேண்டாம்.

மாத்திரை எடுக்கும் காலத்தில் ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் இரண்டையும் தவிருங்கள். பல் டாக்டர் உட்பட எந்த டாக்டரிடம் போனாலும் டைசல்ஃபிரம் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். குறிப்பாக மெட்ரானிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, காரணமில்லாத அசதி, குமட்டல் ஆகியவை ஈரல் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இனி கூட்டத்துக்கு வருவோம். முகவரியில் கூட்டம் இல்லாமல் போனது உங்கள் துரதிர்ஷ்டம் அல்ல, சர்வசாதாரணமாக நடப்பது. இந்தக் குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் இருப்பது அபூர்வம். ஒரு பள்ளி அறை, ஒரு வழிபாட்டுத் தலத்தின் பின்கட்டு, மருத்துவமனையில் ஒரு கூடம் என்று வாடகைக்கு எடுத்து நடத்துவார்கள். அறை கைமாறினால் குழு இடம்பெயரும். பழைய முகவரி இணையத்தில் அப்படியே கிடக்கும். அதனால் கண்ணில் படுகிற ஏதோ ஒரு பட்டியலை நம்பாமல் ஏ.ஏ.வின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். அங்கே கிடைக்கும் உதவி எண்ணைக் கூட்டம் நடக்கும் அன்றே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த எண்ணைப் பல இடங்களில் உறுப்பினர்களே முறை வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள். அவர்களுக்கும் வேலை உண்டு. பகலில் எடுக்கவில்லை என்றால் மாலையில் மறுபடி அழையுங்கள். நீங்கள் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள். இப்போதும் நடந்துகொண்டிருக்கும் குழு எது என்பது பட்டியலைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அழைக்கும்போது நான்கு விஷயம் கேட்க வேண்டும். இந்த வாரம் கூட்டம் உண்டா? கட்டடத்தின் எந்த வாசல், எந்த மாடி? எந்த மொழியில் பேசுவார்கள்? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? இரண்டாவது கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். வெளியே பெயர்ப்பலகை இருக்காது. இருந்தால் கதவில் இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர். நான்காவது கேள்விக்கு அர்த்தம் இதுதான்: மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும், திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர்கள், தெரிந்துகொள்ள விரும்பும் எவரும் வரலாம்.

வாசலிலிருந்து திரும்பியதற்கு உங்கள் மனவலிமையைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் போன நேரம்தான் தவறு. கூட்டம் ஆரம்பித்த பிறகு போனால் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அத்தனை முகமும் உங்களை நிமிர்ந்து பார்க்கும். பதினைந்து நிமிடம் முன்னால் போனால் அங்கே இரண்டு பேர் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். "நான் புதிது" என்று சொல்லிவிட்டு நீங்களும் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போடுங்கள். கைக்கு வேலை கிடைத்தால் பாதிப் படபடப்பு போய்விடும். இன்னும் எளிய வழி, உதவி எண்ணை அழைக்கும்போதே "தனியாக உள்ளே வரத் தயக்கமாக இருக்கிறது, வாசலில் யாராவது நிற்க முடியுமா?" என்று கேட்பது. பெரும்பாலும் நிற்பார்கள். தான் பெற்றதை இன்னொரு குடிநோயாளியிடம் கொண்டுசேர்ப்பது குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடைசிப் படியின் ஒரு பகுதி. உங்களுக்காக வாசலில் நிற்பவர் தன் குடிநிறுத்தத்தையும் அப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறார். அவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்று நினைக்காதீர்கள்.

கூட்டம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். முதலில் சில வாசிப்புகள், பிறகு ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வார் அல்லது ஒவ்வொருவராகச் சில நிமிடம் பேசுவார்கள். உங்கள் முறை வரும்போது பெயரின் முதல் பாதியைச் சொல்லி, "இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றால் போதும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். "நான் குடிநோயாளி" என்று சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை. சேர்வதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணமும் விண்ணப்பமும் கிடையாது. நடுவில் ஒரு பை சுற்றிவரும். அது அறை வாடகைக்கும் தேநீருக்கும். புதியவர் போடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம்.

ஒருவர் பேசி முடித்ததும் யாரும் பதில் சொல்லாமல் அடுத்தவர் தன் கதைக்குப் போய்விடுவது உங்களுக்கு வினோதமாகப் பட்டிருக்கும், ஒருவேளை அலட்சியமாகவும். அது வேண்டுமென்றே வைத்த விதி. அறிவுரையும் குறுக்குக் கேள்வியும் வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் தங்கள் பேச்சுக்கு மெருகேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் தீர்ப்பு சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால்தான் "நேற்று கடை வாசல் வரை போய் நின்றேன்" என்பது வாயில் வரும்.

ஆனால் ஒன்று. கூட்டத்தின் உண்மையான பலன் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் இல்லை, அதன் இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது என்பது என் கருத்து. முன்னால் பதினைந்து நிமிடம், பின்னால் பதினைந்து நிமிடம். ஃபோன் எண் கைமாறுவது அப்போதுதான். வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறுபவர், ஆறு மாதம் வந்தாலும் ஒருவரையும் தெரியாதவராகவே இருப்பார். இரவு பத்து மணிக்குக் குடிக்கத் தோன்றும்போது அழைக்க அவரிடம் ஓர் எண்கூட இருக்காது. ஏ.ஏ. பிறந்ததே ஒரு ஃபோன் அழைப்பில்தான். 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரில், வியாபாரம் கைகூடாமல் விடுதியில் தனியாக நின்ற, பின்னாளில் ஏ.ஏ.வை நிறுவிய இருவரில் ஒருவரான பில் வில்சனுக்குக் குடிக்கும் ஆசை வந்தது. அவர் பாருக்குள் போகாமல் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் இந்த ஊரில் கிடைப்பாரா என்று தேவாலயங்களுக்கு அழைத்துக் கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் அந்த இன்னொருவர், அறுவை சிகிச்சை நிபுணர் பாப் ஸ்மித். குடித்தவனைத் தடுக்க அல்ல, குடிக்கும் முன் தன்னைத் தடுத்துக்கொள்ளச் செய்த அழைப்பு அது.

எனவே முதல் கூட்டத்திலேயே மூன்று எண்கள் வாங்குங்கள். நீங்கள் ஆண் என்பதால் ஆண்களிடம். காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஃபோனில் சார்ஜ் தீரும் நேரமும் ஆசை வரும் நேரமும் சேர்ந்து வருவது உண்டு. அடுத்த நாளே, எந்தக் காரணமும் இல்லாமல், ஒருவரை அழையுங்கள். "நேற்று எண் வாங்கினேன், சும்மா அழைத்துப் பார்த்தேன்" என்றால் அவருக்குப் புரியும். நல்ல நாளில் அழைத்துப் பழகாதவர் கெட்ட நாளில் அழைக்கவே மாட்டார். விரல் அந்த எண்ணுக்குப் போகாது. கூச்சம் குறுக்கே நிற்கும். குடிக்கத் தூண்டும் வேகம் அலை மாதிரி எழும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும். அந்த அரை மணியைப் பேசிக் கடத்துவதற்குத்தான் எண்கள்.

கூட்டத்திலிருந்து வெளியே வந்ததும் ஆசை கூடுவதும் உண்டு. ஒரு மணி நேரம் குடியைப் பற்றியே பேச்சு கேட்டிருக்கிறீர்கள், மூளை தன் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கும். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு, வழக்கமான கடையைத் தாண்டாத பாதையில் வீட்டுக்குப் போங்கள்.

கடவுள் விஷயம். பன்னிரண்டு படிகள் 1939இல் அச்சான ஏ.ஏ. புத்தகத்திலிருந்து வருபவை. அவற்றில் கடவுள் வருகிறார், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் மூன்றாம் படியும் பதினோராம் படியும் கடவுளைக் குறிப்பிடும்போதே "நாங்கள் புரிந்துகொண்ட வகையில்" என்ற வாசகத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. நம்பிக்கை இல்லாத பலர், படிகளில் வரும் "தன்னைவிடப் பெரிய சக்தி" என்பதற்கு அந்த அறையில் கூடும் மனிதர்களையே பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரார்த்தனையின்போது எழுந்து மௌனமாக நின்றால் போதும். குழுவுக்குக் குழு இதில் அழுத்தம் மாறும். ஒரு குழுவில் பக்தி தூக்கலாக இருந்தால் அடுத்த தெருக் குழுவில் பேருக்கு இருக்கும். அதுவும் தொண்டைக்குள் இறங்கவில்லை என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு 1994 முதல் நடக்கிறது. படிகளும் பிரார்த்தனையும் அதில் இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிகள், பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் கலந்துரையாடல். அங்கே ஒருவருக்கொருவர் பதில் பேசலாம். லைஃப்ரிங் என்ற மதச்சார்பற்ற குழுவும் இருக்கிறது. பெண்களுக்கென்றே விமன் ஃபார் சொப்ரைட்டி 1975 முதல் இயங்குகிறது. இவை எல்லா ஊரிலும் நேரில் கிடைக்காது, ஆனால் இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

இதெல்லாம் பலன் தருமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் கேள்விக்குள் அது ஒளிந்திருக்கிறது. 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்டது. ஏ.ஏ. பாதையில் முறையாக இணைக்கப்பட்டவர்கள், பிற உளவியல் சிகிச்சை பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் முன்னால் நின்றார்கள். "முறையாக இணைக்கப்பட்டவர்கள்" என்பதைக் கவனியுங்கள். கூட்டம் எப்படி நடக்கும் என்று விளக்கி, போகவைத்து, போனபின் என்ன நடந்தது என்று விசாரித்த சிகிச்சை அது. வாசல் முகவரிகூடத் தராமல் "போங்கள்" என்று சொல்வது அதே மருந்து அல்ல. உங்கள் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது இதைச் சொல்லி, ஓர் ஆளின் தொடர்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று குழுக்களில் மொத்தம் ஆறு கூட்டமாவது உட்கார்ந்துவிட்டு யோசியுங்கள். நல்ல குழுவில் பத்து வருடம் குடிக்காதவரும் இருப்பார், பத்து நாள்காரரும் இருப்பார். தலைமை ஆள் மாறிக்கொண்டே இருப்பார். முடிந்ததும் யாராவது புதியவரிடம் வந்து பேசுவார்கள். எப்போதும் ஒரே ஆள் நாட்டாமை செய்கிற குழு, கடன் கேட்கிற ஆள், மருந்தை நிறுத்தச் சொல்கிற கூட்டம், புதிதாக வந்த பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும் பழைய உறுப்பினர் என்று எதைக் கண்டாலும் அடுத்த குழுவுக்கு மாறுங்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதல் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வார்கள். அது வழக்கம், சட்டம் அல்ல. வேலைக்குப் போகிறவருக்கு வாரம் மூன்று, நான்கு என்பதே நல்ல தொடக்கம். அதைவிட முக்கியம் எந்த நேரம் என்பது: நீங்கள் வழக்கமாகக் குடிக்க உட்காரும் நேரத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பள நாளன்று கண்டிப்பாக ஒன்று.

ஸ்பான்சர் என்ற சொல் காதில் விழும். படிகளில் உங்களைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் மூத்த உறுப்பினர் அவர். ஆணுக்கு ஆண், குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காதவர் என்பது நடைமுறை. நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள்; ஃபோனை எடுக்கிறவரைத் தேடுங்கள். "கொஞ்ச நாளைக்குத் தற்காலிகமாக இருக்க முடியுமா?" என்று கேட்டால் இருவருக்கும் சங்கடம் இல்லை. அவர் மனநல மருத்துவரும் அல்ல, வக்கீலும் அல்ல. ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்துக்கு வழக்கமான பதில், அவரும் அதே காரணத்துக்காகத்தானே அங்கே இருக்கிறார் என்பது. மூடிய கூட்டத்தில் அது உண்மை, திறந்த கூட்டத்தில் பாதி உண்மை. பெயர் வெளியிடாமை அங்கே கண்ணியமான மரபு, பெரும்பாலும் காக்கப்படுகிறது. ஆனால் டாக்டர் காக்க வேண்டிய இரகசியம் போலச் சட்டப்பாதுகாப்பு அதற்கு இருக்கும் என்று எண்ண வேண்டாம். அதனால் அலுவலகத்தின் பெயர், நிலுவையில் உள்ள வழக்கு, இன்னொருவரின் அந்தரங்கம் மூன்றையும் கூட்டத்தில் பேசாதீர்கள். முதல் சில வாரம் வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் குழுவுக்குப் போகலாம். பலர் யோசிக்காத இடம் வாட்ஸ்அப்: குழுவில் சேர்த்த மறுகணம் உங்கள் எண்ணும் புகைப்படமும் அத்தனை பேருக்கும் தெரியும். சேர்க்கட்டுமா என்று கேட்டால் முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் புகைப்படத்தை மறைத்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.

நடுவில் சறுக்கினால் அடுத்த கூட்டத்துக்கே போங்கள். நாள் கணக்குதான் முதலிலிருந்து தொடங்கும், கற்றது அழியாது. ஆனால் சறுக்கல் பல நாள் தொடர் குடியாக மாறிவிட்டால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தப் பார்க்காதீர்கள். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததைக் காண்பது, நேரம் இடம் குழம்புவது, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இது முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும். இது மருத்துவமனையில் பார்க்க வேண்டியது. எவ்வளவு நல்ல குழுவாலும் முடியாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் அப்படியே: கூட்டத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் மனைவி திறந்த கூட்டத்துக்குத் தாராளமாக வரலாம். ஒன்றிரண்டு முறை வந்து அங்கே நடப்பதைப் பார்த்தால் அவருக்கும் நிம்மதி. ஒவ்வொரு வாரமும் வேண்டாம். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் அவர் கேட்க விரும்பும் பேச்சைத்தான் நீங்கள் பேசுவீர்கள். பதினான்கு வருடம் அவரும் சேர்ந்துதான் பட்டிருக்கிறார், அவருக்கென்று ஓர் இடம் வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951இல் தொடங்கியது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதை நிறுவியவர்களில் ஒருவர். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு அலட்டீன் உண்டு. உங்களைக் குடிக்கவிடாமல் காவல் காப்பது எப்படி என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள், தன் வாழ்க்கையை எப்படி நடத்துவது என்பதுதான் பேச்சு. இரண்டு குழுவும் ஒரே கட்டடத்தில், ஒரே நேரத்தில், வேறு வேறு அறையில் கூடுகிற இடங்கள் உண்டு. உதவி எண்ணை அழைக்கும்போது இதையும் கேளுங்கள். அவர் போய்விட்டு வந்ததும், உள்ளே என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.